களத்துமேட்டுப் பங்கு: நெய்வேலியை முன்வைத்து உணவு நீதி குறித்துச் சில சிந்தனைகள்

பசியைப் பற்றிப் பேச முற்படும்போது நம்மில் பெரும்பாலோர் விளைச்சலைப் பற்றியே பேசுகிறோம். மழை பொய்த்தது, விளைச்சல் குன்றியது, அதனால் மக்கள் பட்டினி கிடந்தனர் என்பது பள்ளிப் பாடநூல் தொட்டு நமக்குப் பழகிப்போன விளக்கம். இது முற்றிலும் பொய்யன்று. எனினும் முழுமையானதும் அன்று. 1943ஆம் ஆண்டின் வங்காளப் பஞ்சத்தை ஆராய்ந்த அமர்த்தியா சென், அவ்வாண்டில் வங்காளத்தில் இருந்த உணவின் அளவு, பஞ்சம் தோன்றாத 1941ஆம் ஆண்டின் அளவைவிடக் குறைந்திருக்கவில்லை என்று 1981இல் வெளியான ‘வறுமையும் பஞ்சங்களும்’ என்னும் நூலில் வாதிட்டார். மாண்டவர்களுள் பெரும்பாலோர் கிராமப்புறக் கூலித் தொழிலாளரும் மீனவரும் கைவினைஞரும் ஆவர். நெல் சந்தையில் இருந்தது; அதனை வாங்கும் வலிமையோ, கேட்டுப் பெறும் உரிமையோ அவர்களிடம் இருக்கவில்லை.

ஆகவே, ‘உணவு எவ்வளவு இருக்கிறது?’ என்னும் கேள்விக்கு அடுத்ததாக, ‘இருக்கும் உணவின்மேல் யாருக்கு என்ன உரிமை?’ என்னும் கேள்வி எழுகிறது. அண்மைக் காலச் சமூக அறிவியலில் ‘உணவு நீதி’ எனப்படுவது இந்த இரண்டாவது கேள்வியைத் தொடர்ந்து செல்லும் ஆய்வே ஆகும். இதனை ஏட்டளவில் விளக்குவதைவிட, நம் கண்முன் உள்ள ஓர் ஊரை வைத்து விளக்குவது பயனுடைத்து. அதற்கு நாம் தேர்ந்துகொள்வது கடலூர் மாவட்டத்து நெய்வேலி. பஞ்சம் பாதித்த ஊராகவோ பட்டினிச் சாவுகளின் ஊராகவோ நெய்வேலியை யாரும் நினைப்பதில்லை. தென்னிந்தியாவின் வீடுகளுக்கு மின்சாரம் தரும் வளமான ஊர் அது. வளம் பெருகிய ஓரிடத்தில் உணவின்மேலுள்ள உரிமைகள் எவ்வாறு இடம் மாறுகின்றன என்பதைக் காண்பதற்கு அதுவே காரணமாகிறது.

அடுப்படியில் தொடங்கிய ஆய்வு

சுரங்கத்துக்கும் சோற்றுக்கும் உள்ள தொடர்பை முதன்முதலில் விரிவாக ஆராய்ந்தவர்களுள் ஒருவர் ஆட்ரி ரிச்சர்ட்ஸ் (1899–1984) என்னும் பிரித்தானிய மானிடவியலாளர். மாலினோவ்ஸ்கியின் மாணவியான இவர், 1930களின் முற்பகுதியில், அன்று வடக்கு ரொடீசியா என்றும் இன்று ஸாம்பியா என்றும் வழங்கும் நாட்டில் பெம்பா மக்களிடையே தங்கி ஆய்வு செய்தார். அதன் விளைவாக 1939இல் நிலம், உழைப்பு, உணவு ஆகிய மூன்றையும் தலைப்பிலேயே இணைத்த நூலொன்று வெளிவந்தது.

பெம்பா மக்களின் தலையாய தானியம் கேழ்வரகு. நம் தென்னார்க்காட்டுப் புன்செய் நிலங்களில் விளைந்த அதே கேழ்வரகுதான். நாம் கிண்டும் களியைப் போன்றதொரு களியே அவர்களது உணவு. வேறு எதை உண்டாலும் களி உண்ணாதவரை ‘சாப்பிட்டோம்’ என்று அவர்கள் சொல்வதில்லை என்பதையும் ரிச்சர்ட்ஸ் பதிவு செய்திருக்கிறார். சோறு உண்ணாத வேளையைச் சாப்பாடாகக் கணக்கில் கொள்ளாத தமிழ் வாசகருக்கு இது வியப்பளிக்காது.

மரங்களின் கிளைகளை வெட்டிக் குவித்து எரித்து, அச்சாம்பலில் விதைப்பது பெம்பா மக்களின் வேளாண்முறை. உயரமான மரங்களில் ஏறிக் கிளை வெட்டுவது ஆண்களின் பணி. செப்புச் சுரங்கங்கள் திறக்கப்பட்டபின் ஆண்கள் கூட்டங்கூட்டமாக அங்கே கூலிக்குச் சென்றனர். கிளை வெட்ட ஆளில்லாது வயல்கள் சுருங்கின. அறுவடைக்கு முந்தைய பஞ்ச மாதங்களில் நெருக்கடி முற்றியது. இவற்றையெல்லாம் அரசுப் புள்ளிவிவரத்திலிருந்து ரிச்சர்ட்ஸ் அறியவில்லை. எந்த வீட்டில் எவ்வளவு மாவு எடுக்கப்பட்டது, யார் சமைத்தார், யார் யாருக்குப் பரிமாறினார், எந்த உறவினர் எந்த வீட்டுக் குதிரிலிருந்து கேட்டுப் பெறலாம் என்பதை அவர் அன்றாடம் குறித்து வந்தார். ஒரு குதிரில் உள்ள தானியம் அந்த வீட்டாருக்கு மட்டும் உரியதன்று. அதன்மேல் பல உறவுகளின் உரிமைகள் படிந்துள்ளன என்பது அவரது முக்கியமான கண்டுபிடிப்பு.

இவ்வாய்வு பின்னர் மறுபரிசீலனைக்கும் உள்ளாயிற்று. ஹென்றீட்டா மூர், மேகன் வான் ஆகிய இருவரும் 1994இல் வெளியிட்ட நூலில், பெம்பாச் சமூகம் ரிச்சர்ட்ஸ் அஞ்சிய அளவுக்குச் சிதைந்துவிடவில்லை என்று காட்டினர். பெண்கள் பயிரிட்ட மரவள்ளியும் அவர்கள் திரட்டிய பிற உணவுகளும் குடும்பங்களைத் தாங்கின. கேழ்வரகையே உணவெனக் கருதிய கண்ணுக்கு அவை போதிய அளவு புலப்படவில்லை. இந்தத் திருத்தம் நமக்கு ஒரு பாடம். தானியக் கணக்கில் ஏறாத உணவும், கூலிக் கணக்கில் ஏறாத உழைப்பும் பெரும்பாலும் பெண்களுடையவை.

இவ்விரு நூல்களிலிருந்தும் எந்த ஊருக்கும் பொருத்திப் பார்க்கத்தக்க மூன்று கேள்விகளை நாம் வகுத்துக்கொள்ளலாம். உணவு எந்த வழியாக ஒரு வீட்டை வந்தடைகிறது? அந்த வழியின்மேல் அவ்வீட்டாருக்கு உள்ள பிடிமானம் என்ன? வழி அடைபட்டால் யாருடைய பங்கு முதலில் குறைகிறது?

நிலத்துக்கு அடியில் இருந்த செல்வம்

1935ஆம் ஆண்டில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலவுடைமையாளரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கருநிறப் பொருள் வெளிப்பட்டதிலிருந்து நெய்வேலியின் வரலாறு தொடங்குவதாகக் கூறுவர். 1956 நவம்பரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரிக் கழகம் நிறுவப்பட்டது. 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரிப் படுகை வெளிப்பட்டது. 1962இல் சோவியத் ஒன்றியத்தின் உதவியுடன் அமைந்த அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 2016 முதல் அந்நிறுவனம் என்எல்சி இந்தியா நிறுவனம் என்னும் பெயரில் வழங்குகிறது.

இந்தச் சுரங்கம் திறந்தவெளிச் சுரங்கம் என்பதை வாசகர் மனத்தில் இருத்த வேண்டும். ஆழ்சுரங்கத்தில் மேலே ஊரும் வயலும் இருக்க, அடியில் குடைந்து செல்ல இயலும். திறந்தவெளிச் சுரங்கத்திலோ, மேலிருக்கும் அனைத்தையும் அகற்றிய பின்னரே நிலக்கரியைத் தொட முடியும். வயலும் தோப்பும் மேய்ச்சல் தரையும் இடுகாடும் வழிபாட்டிடமும் மேல்மண்ணோடு சேர்ந்து பெயர்க்கப்படும். அகற்ற வேண்டியது மண் மட்டுமன்று; படுகைக்கு அடியில் பெரும் அழுத்தத்துடன் உள்ள நிலத்தடி நீரையும் இடையறாது இறைத்தாக வேண்டும். அவ்வாறு இறைத்த நீரின் ஒரு பகுதி வாலாஜா ஏரி முதலியவற்றின் வழியாகப் பாசனத்துக்குப் பயன்பட்டு வந்துள்ளது என்பதையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். ஒருபுறம் வயல்களை விழுங்கும் சுரங்கம், மறுபுறம் வேறு சில வயல்களுக்கு நீரளிக்கிறது. யாருடைய வயல் போயிற்று, யாருடைய வயல் நனைந்தது என்பதே உணவு நீதி கேட்கும் கேள்வி.

சுரங்கம் பரவிய நிலத்தின் இயல்பும் அறியத்தக்கது. நெய்வேலி, பண்ருட்டிப் பகுதியின் செம்மண்ணில் முந்திரியும் பலாவும் மல்லாட்டையும் விளைகின்றன. தென்கிழக்கே சேத்தியாத்தோப்பு நோக்கிச் செல்லச் செல்ல வீராணம் ஏரியை அடுத்த நெல்வயல்கள் விரிகின்றன. முதல் வகை நிலம் பணப்பயிரையும் விறகையும் தழையையும் தந்தது. இரண்டாம் வகை நிலம் சோற்றையே தந்தது.

களத்தில் எத்தனை பங்கு?

ஒரு வயல் கையகப்படுத்தப்படும்போது அரசு ஆவணத்தில் இடம்பெறுவன: புல எண், பரப்பு, பட்டாதாரரின் பெயர், சந்தை மதிப்பு. ரிச்சர்ட்ஸின் முறைப்படி அதே வயலைப் பார்த்தால் வேறொரு பட்டியல் கிடைக்கும். உழவர் வீட்டுக் குதிருக்குச் செல்லும் நெல், குத்தகைதாரரின் பங்கு, அறுத்தவர்க்கும் அடித்தவர்க்கும் அளந்த கூலி நெல், அறுவடைக்குப்பின் கதிர் பொறுக்கும் முதிய பெண்ணின் மடியில் சேரும் மணி, மாட்டுக்கு வைக்கோல், வரப்பில் பறிக்கும் கீரை, வாய்க்காலில் பிடிக்கும் மீனும் நண்டும், தரிசில் மேயும் ஆடு. ஒரே வயல், ஒரே பட்டாதாரர். ஆனால் அதிலிருந்து உண்டவர் பலர்.

தமிழகத்தின் பழைய ஊர்க்கணக்குகளில் இப்பங்குகளுக்கு ஒரு பெயர் உண்டு. களத்தில் நெல் அளக்கப்படுமுன் தச்சர், கொல்லர், வண்ணார், காவற்காரர், நீர்பாய்ச்சுவோர் முதலியோருக்கு ஒதுக்கிய பங்கு ‘சுதந்திரம்’ எனப்பட்டது. அரசியல் விடுதலையைக் குறிக்க இன்று நாம் கையாளும் அதே சொல், ஒருகாலத்தில் நெற்குவியலில் ஒருவருக்கு உள்ள உரிமைப் பங்கைக் குறித்தது. ஆங்கிலேயரின் வருவாய்த்துறைப் பதிவுகளும் இச்சொல்லை அவ்வாறே எடுத்தாண்டிருக்கின்றன.

பழைய களத்தை நீதியின் இருப்பிடமாகப் புனைந்துரைப்பது நம் நோக்கமன்று. அப்பங்குகள் சாதிப் படிநிலையோடு பிணைந்திருந்தன. தலைகுனிந்து நின்று பெற்ற பங்கு அது. மிகக் கடுமையாக உழைத்தவர்க்கு மிகச் சிறிய அளவே கிட்டியது. தவிர, அவற்றைச் சுரங்கம் மட்டுமே அழித்ததாகச் சொல்வதும் பொருந்தாது. பணக்கூலியும் அறுவடை இயந்திரமும் சுரங்கமே இல்லாத ஊர்களிலும் அவற்றைக் குறைத்துவிட்டன. நாம் சுட்டிக்காட்ட விரும்புவது ஒன்றே: ஒரு வயலை விலைக்கு மாற்றும்போது, பட்டாவில் பெயருள்ளவரின் உரிமை பணமாகிறது, பெயரில்லாதவரின் உரிமை எதுவாகவும் மாறாமல் மறைகிறது.

சட்டமும் நெடுங்காலம் இவ்வாறே பார்த்தது. 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் நிலத்தில் சட்டபூர்வமான உரிமை உடையவர்க்கே இழப்பீடு வழங்கியது. அதற்கு மாற்றாக வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டம், நிலமற்ற வேளாண் தொழிலாளர், குத்தகைதாரர், வாரதாரர் ஆகியோரும் தம் முதன்மை வாழ்வாதாரத்துக்கு மூன்றாண்டுகளாக அந்நிலத்தைச் சார்ந்திருந்தால் பாதிக்கப்பட்ட குடும்பத்தினரே என ஏற்றது. உணவுப் பாதுகாப்புக்கெனத் தனிப்பிரிவு ஒன்றும் அதில் உண்டு: பலபோகம் விளையும் பாசன நிலத்தை வேறு வழியே இல்லாத நிலையில் மட்டுமே எடுக்கலாம், எடுத்தால் அதற்கு ஈடாகச் சாகுபடிக்குரிய தரிசு நிலத்தைப் பண்படுத்த வேண்டும், அல்லது அதற்கான தொகையைச் செலுத்த வேண்டும் என்கிறது அப்பிரிவு. ஆயினும், தொழில்நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டம் உள்ளிட்ட மூன்று மாநிலச் சட்டங்களின்கீழ் எடுக்கப்படும் நிலங்களுக்குத் தமிழ்நாடு அரசு விலக்குப் பெற்றது. இவ்விலக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2019இல் செல்லாதென்றது. உடனே இயற்றப்பட்ட மறுசட்டத்தை உச்சநீதிமன்றம் 2021இல் ஏற்றுக்கொண்டது. இழப்பீடும் மறுவாழ்வும் பற்றிய விதிகள் நின்றன; சமூகத் தாக்க மதிப்பீடும் உணவுப் பாதுகாப்பும் பற்றிய விதிகள் இம்மூன்று சட்டங்களின் எல்லைக்கு வெளியே நின்றுவிட்டன.

வளையமாதேவி, 2023

இச்சட்டச் சொற்களின் பொருள் 2023 ஜூலை இறுதியில் சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில் கண்கூடாயிற்று. இரண்டாம் சுரங்க விரிவாக்கத்தின் பொருட்டுப் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டும் பணிக்காக, கதிர் முற்றாத நெற்பயிரின்மேல் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்னரே எடுக்கப்பட்டது, இழப்பீடும் தரப்பட்டது, மழைக்காலத்துக்குமுன் கால்வாய் அமையாவிடில் சுரங்கத்துக்கு ஆபத்து என்பது நிறுவனத்தின் வாதம். நிலத்தைத் தொடர்ந்து உழுது வந்தோம், விதைத்த பயிரை அறுக்கவேனும் விட்டிருக்கலாம் என்பது உழவரின் வாதம். வழக்கு உயர்நீதிமன்றத்துக்குச் சென்றபோது, அறுவடை முடியும்வரை காத்திருக்கக் கூடாதா என்னும் பொருள்பட நீதியரசர் ஒருவர் வினவினார். பின்னர், அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்க நீதிமன்றம் ஆணையிட்டது.

இந்நிகழ்வு நாடெங்கும் ஏன் மனங்களை உலுக்கிற்று? சட்டப்படி பார்த்தால் நிலம் நிறுவனத்தினுடையது. உணர்ச்சிவயப்பட்டோர் சட்டம் அறியாதோர் என்று சிலர் கூறினர். நம் கருத்தில், மக்கள் அங்கே இருவேறு பொருள்களைக் கண்டனர்: நிலம் ஒன்று, நிற்கும் பயிர் மற்றொன்று. நிலத்தை விற்கலாம், வாங்கலாம், எடுக்கலாம். விளைந்துகொண்டிருக்கும் சோற்றை அழிப்பதோ, அதை உண்ணவிருந்த, பெயர் தெரியாத பலருக்கு எதிரான செயலாகத் தோன்றிற்று. ஏக்கருக்கு 40,000 ரூபாய் என்பது சாகுபடி செய்தவருக்கு உரியது. அந்த ஏக்கரில் நடவு நட்டு, களையெடுத்து, அறுவடை நாளை எதிர்பார்த்திருந்த பெண்களின் கூலி அதற்குள் இல்லை. மாட்டின் வைக்கோலும் இல்லை.

அதே ஆண்டின் ஏப்ரலில், சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கிலும் காவிரிப்படுகையிலும் உள்ள மூன்று நிலக்கரி, பழுப்பு நிலக்கரித் தொகுதிகளை ஒன்றிய அரசு ஏலப் பட்டியலில் சேர்த்துப் பின் எதிர்ப்பினால் நீக்கியதையும் இங்கே நினைவுகூரலாம். 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் அவ்வெதிர்ப்புக்குத் துணை நின்றது. சோறு விளையும் நிலத்துக்குத் தனிச்சிறப்பு உண்டென்னும் எண்ணம் சட்டத்திலும் அரசியலிலும் வேரூன்றத் தொடங்கியுள்ளது எனலாம்.

மூவர் தட்டு

நிலம் போனபின் உணவு வரும் வழி ஊதியமே. ஆனால் நெய்வேலியில் ஊதியம் ஒரே வகையினதன்று. நகரியத்தின் எண்ணிட்ட வட்டங்களில், மரநிழல் சாலைகளின் ஓரத்தில், நிறுவனக் குடியிருப்பில் வாழும் நிரந்தரத் தொழிலாளி ஒருவர். சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் பணியாற்றிவிட்டு வெளியே உள்ள ஊருக்குத் திரும்பும் ஒப்பந்தத் தொழிலாளி மற்றொருவர். நிலமும் வயற்கூலியும் போய், நிறுவனத்தில் வேலையும் கிட்டாதவர் மூன்றாமவர். தொடக்கக் காலத்தில் நிலம் தந்த குடும்பங்களுள் பலருக்கு வேலை கிடைத்தது. பின்னர் வேலை என்பது போராட்டங்களின் முதற்கோரிக்கையாக மாறியது. ஒப்பந்தத் தொழிலாளர் பணி நிரந்தரமும் ஊதிய உயர்வும் கோரி 2012, 2014 ஆகிய ஆண்டுகளில் நெடிய வேலைநிறுத்தங்கள் நடத்தினர்.

இந்த வேறுபாடு சமையலறையில் எவ்வாறு புலப்படும்? மாதச் சம்பளக்காரர் மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக மளிகை வாங்குகிறார். அதனால் குறைந்த விலையில் பெறுகிறார். அன்றாடக் கூலிக்காரர் அன்றன்று சிறு பொட்டலங்களில் வாங்குகிறார். அல்லது கடன் சொல்லி வாங்குகிறார். அரிசிக்கும் எண்ணெய்க்கும் அவர் தரும் விலை, வசதி படைத்தவர் தருவதைவிட மிகுதி. உணவுக்கு விலை ஒன்றுதான் என்பது சந்தை பற்றிய பெரிய மயக்கங்களுள் ஒன்று.

இக்கடன் வாழ்வைப் பண்ருட்டி வட்டாரம் உள்ளிட்ட பழைய தென்னார்க்காட்டு ஊர்களில் இசபெல் கெரென், சந்தோஷ் குமார், வெங்கடசுப்பிரமணியன் ஆகியோர் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்துள்ளனர். கடன்பட்ட பெண்ணைப் பற்றிய அவர்களது நூல் 2023இல் வெளிவந்தது. குடும்பத்தை நடத்தக் கடன் வாங்குவதும், அதைத் திருப்பும் மன உளைச்சலைச் சுமப்பதும் பெரும்பாலும் பெண்களின் பொறுப்பாகிவிட்டன என்பது அதன் மையச் செய்தி. நாம் வகுத்த மூன்றாம் கேள்விக்கான விடை இதனுள் இருக்கிறது. வருவாய் குறையும் மாதத்தில் கணவனுக்கும் குழந்தைக்கும் பரிமாறியபின் எஞ்சியதை உண்பவள் யாரோ, அவளது பங்கே முதலில் குறைகிறது. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களுள் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். பட்டினியற்ற மாநிலம் என்று பெருமை கொள்ளும் நாம் இவ்வெண்ணை அடிக்கடி நினைத்துப் பார்க்க வேண்டும்.

அட்டை தந்த பிடிமானம்

இவ்வளவு வழிகள் அடைபட்டும் நெய்வேலியைச் சூழ்ந்த ஊர்களில் பட்டினிச் சாவு இல்லாதிருப்பதற்கு ஒரு முக்கியமான காரணம் குடும்ப அட்டை. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்னும் முழக்கத்திலிருந்து, 1972இல் நிறுவப்பட்ட நுகர்பொருள் வாணிபக் கழகம் வழியாக, 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசி வரை தமிழகம் கடந்துவந்த பாதை நீண்டது. 1997இல் ஒன்றிய அரசு ஏழைகளை மட்டும் இனங்கண்டு வழங்கும் முறைக்கு மாறியபோது, தமிழகம் அனைவருக்குமான முறையைக் கைவிடவில்லை. 1956இல் காமராசர் தொடங்கிய பள்ளி மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, 2022இல் தொடங்கிய காலை உணவு ஆகியன இதே பாதையின் கிளைகள்.

இதன் விளைவைப் பழைய தென்னார்க்காட்டின் மற்றோர் ஊர் தெளிவாகக் காட்டுகிறது. விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு, சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டரின் மாணவர்களால் 1916இல் ஆராயப்பட்ட சிற்றூர்களுள் ஒன்று. ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் 2008இல் அவ்வூரை மீண்டும் ஆராய்ந்தனர். நிலம் இன்னமும் சிலர் கையிலேயே குவிந்திருந்தபோதிலும், நிலமற்றோர் நிலவுடைமையாளரைச் சார்ந்திருந்த நிலை பெரிதும் தளர்ந்திருந்ததை அவர்கள் கண்டனர். வேளாண்மைக்கு வெளியே கிடைத்த வேலையும் அரசின் நலத்திட்டங்களும் அதற்குத் துணை நின்றன. ஒருவரின் களத்தில் கைகட்டி நின்று பெறாமல், கடையில் வரிசையில் நின்று பெறும் அரிசி, வயிற்றை நிரப்புவதோடு முதுகையும் நிமிர்த்துகிறது.

ஆயினும் அட்டை எல்லா இழப்பையும் ஈடு செய்யாது. அரிசி கிட்டுகிறது; கீரையும் மீனும் பாலும் முட்டையும் பணம் இருந்தால் மட்டுமே கிட்டுகின்றன. வயலும் வாய்க்காலும் மேய்ச்சல் தரையும் விலையின்றித் தந்தவை துல்லியமாக இவைதாம். வயிறு நிறைந்தும் இரத்தம் குறைந்த உடல்களின் புதிர் இங்கே ஓரளவு விடுபடுகிறது.

ஈகையா, உரிமையா?

உணவை உரிமையாகக் காணும் இந்நோக்கு மேற்குலகின் அண்மைக் கண்டுபிடிப்பு என்று எண்ணத் தேவையில்லை. செல்வத்தில் இரப்போருக்கும் இல்லாதோருக்கும் உள்ள பங்கைக் குறிக்கத் திருக்குர்ஆன் ஆளும் சொல் ‘ஹக்கு’; அதாவது உரிமை. விளைச்சலின் ஸகாத்தாகிய உஷ்ரு இதனை மேலும் கூர்மையாக்குகிறது. மழையால் விளைந்ததில் பத்தில் ஒன்று, உழைத்து நீரிறைத்து விளைவித்ததில் இருபதில் ஒன்று என்பது அதன் அளவு. பணத்தின்மீதான ஸகாத் ஓராண்டு நிறைவுறும்வரை காத்திருக்கும். உஷ்ருவோ அறுவடை நாளிலேயே கடமையாகிறது. எந்தெந்த விளைபொருளுக்கு அது பொருந்தும் என்பதில் ஹனஃபீ, ஷாஃபிஈ அறிஞர்கள் வேறுபட்டாலும், நெற்குவியல் வீடு சேருமுன்னரே அதில் ஏழையின் பங்கு நிலைபெற்றுவிட்டது என்பதில் கருத்தொற்றுமை உண்டு.

ஹிஜ்ரி 18இல் (கி.பி. 639) அரபு நாட்டைப் பஞ்சம் வாட்டிய ‘சாம்பல் ஆண்டில்’ கலீஃபா உமர் (ரலி) பிற பகுதிகளிலிருந்து தானியம் வருவித்தார், மக்கள் நிலை சீராகும்வரை தாம் நெய்யும் பாலும் தவிர்த்தார், பசியால் திருடியோருக்குரிய தண்டனையை நிறுத்தி வைத்தார் என்பது வரலாறு. பசிக்குப் பொறுப்பு ஆட்சியினுடையது என்பதே இதன் கருத்து. ஐந்தாம் ஹிஜ்ரி நூற்றாண்டின் அந்தலூசிய அறிஞர் இப்னு ஹஸ்ம் ஒரு படி மேலே சென்று, ஸகாத் போதாதபோது ஒவ்வோர் ஊரின் செல்வரும் அவ்வூர் ஏழைகளின் உணவுக்கும் உடைக்கும் உறைவிடத்துக்கும் பொறுப்பாவர், அதனை நிறைவேற்ற ஆட்சியாளர் அவர்களைக் கட்டாயப்படுத்தலாம் என்றார்.

நெய்வேலியின் கேள்வியை இவ்வொளியில் வைத்துப் பார்த்தால் ஒன்று புலனாகும். வயல் இழப்பீட்டுத் தொகையாக மாறும்போது அறுவடை நாள் என்பதே இல்லாமல் போகிறது. அந்நாளோடு பிணைந்திருந்த ஏழையின் உரிமைக்கு இடமில்லாமல் போய், எஞ்சுவது கொடுப்பவரின் மனநிலையைச் சார்ந்த ஈகை மட்டுமே. ரமளானில் அரசு ஒதுக்கும் பச்சரிசியைக் கொண்டு பள்ளிவாசல்கள் நோன்புக் கஞ்சி காய்ச்சி, கலயத்தோடு வருவோர் யாராயினும் வழங்குகின்றன. அது போற்றத்தக்க பண்பாடு. அதே அளவு அக்கறையோடு, மற்றப் பதினொரு மாதங்களிலும் நம் சுற்றுப்புறத்தில் உணவு யார் வீட்டை எந்த வழியாக அடைகிறது என்று கேட்பதும் அப்பண்பாட்டைச் சேர்ந்ததே.

இக்கேள்வியை நாம் கேட்க வேண்டிய இடங்கள் தெளிவானவை. நிலம் எடுக்கும் ஒவ்வொரு திட்டத்திலும், பட்டாதாரர் பட்டியலோடு அந்நிலத்திலிருந்து உண்போர் பட்டியலும் தயாரிக்கப்பட வேண்டும். அதில் பெண்களின் பெயர் தனித்தனியே இடம்பெற வேண்டும். பயிர் நிற்கும் நிலத்தில் அறுவடைக்கு முன் இயந்திரம் இறங்கலாகாது என்பது விதியாக வேண்டும். மறுகுடியமர்வு ஊர்களில் வீட்டுமனையோடு மேய்ச்சலுக்கும் தோட்டத்துக்கும் பொதுநிலம் ஒதுக்கப்பட வேண்டும். நியாயவிலைக் கடையில் அரிசியோடு பயறும் சிறுதானியமும் போதிய அளவில் கிட்ட வேண்டும். இவற்றுள் எதுவும் மின்விளக்கை அணைக்கக் கோருவதன்று. விளக்கு எரிவதற்காகத் தம் களத்தை இழந்தவர்கள், அவ்வெளிச்சத்தில் அமர்ந்து வயிறார உண்ணும் உரிமையுடையவர்கள் என்பதே இவற்றின் உட்பொருள்.